ஒருத்தரும் சாகாத கதை

மேசை மேல் அந்த நாவல் காலையிலிருந்து கிடக்கிறது. ஆபீஸ் காக்கித்தாளில் அட்டை போட்டது. நடுவில் ஒரு பச்சை நூல் டேக், இரண்டு முனையிலும் தகரம் வைத்து ஃபைல் கட்டுவோமே அது, அடையாளத்துக்காகத் தொங்குகிறது. இதை நாளைக் காலை கோயம்புத்தூருக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே கல்கத்தாவில், பவானிபூர் கூரியர்காரர் மூன்று நாளில் போய்விடும் என்கிறார், மழை பிடித்துக்கொண்டால் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அடுத்த வாரம் அங்கே ஒருவருக்கு ஆபரேஷன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு புத்தகத்தைப் பொட்டலம் கட்டுவதற்கு இத்தனை பதற்றமா என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்கென்ன, அவர் ஜென்மத்தில் யாருக்கும் ஒரு நாவலைச் சிபாரிசு செய்தவரில்லை.

"நல்லதா ஒரு நாவல் சொல்லேன்" என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பயம் வந்துவிடும். கேட்பவர்கள் ஏதோ நல்ல மாம்பழம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதுபோல் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். சொல்லித் தொலைத்தபிறகு நாம்தான் ராத்திரி முழுக்கப் புரள வேண்டும். எதுவரை படித்திருப்பார்கள்? அந்த மூன்றாம் அத்தியாயம் கொஞ்சம் இழுக்குமே, அங்கேயே மூடியிருப்பார்களோ? வரன் பார்த்துக் கொடுத்த தரகரின் கதிதான் நமக்கும். சந்தோஷமாக இருந்தால் நம் ஞாபகம் யாருக்கும் வராது, கசந்தால் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள்.

இந்தப் பயம் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. ஒரு காலத்தில் நான் எங்கள் ஆபீஸிலேயே பெரிய சிபாரிசுக்காரி. துர்கா பூஜை நெருங்கும்போது பத்திரிகைகளின் பூஜைச் சிறப்பிதழ்கள் செங்கல் கனத்தில் வந்து இறங்கும், ஒவ்வொன்றிலும் நாலைந்து முழு நாவல்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே அடிதடி நடக்கும். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த ஒரு தாதா, வங்காளிகள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், துப்பறியும் கதையைத் தவிர வேறு எதையும் கதை என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். இரண்டாம் அத்தியாயத்துக்குள் ஒரு பிணம் விழாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார். அவரோடு மல்லுக்கு நிற்க நான் ஒருத்திதான். இந்த ஊர் லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி என்பதால் இரண்டு மொழியிலும் படித்துவிட்டு இரண்டு மொழியிலும் வாயடிப்பேன். அந்த அறையின் கோடியில், இந்தக் கூச்சல் எதிலும் கலக்காமல், தயிர்சாதத்தை ஸ்பூனால் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் எங்கள் செக்ஷன் ஹெட் சார்.

சார் கோயம்புத்தூர்ப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் கல்கத்தாவில் இருந்து வங்காளிகளிடம் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், குரங்குக் குல்லாய். நவம்பரில் முதல் குளிர்காற்று வீசிய அன்றே மாட்டிக்கொள்வார். மனுஷருக்கு எல்லாவற்றிலும் பயம். மேசை டிராயரைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், படி இறங்கிப் போனவர் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். கதை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "நடக்காத ஒண்ணைப் படிச்சு என்னங்க அம்மணி ஆகப்போகுது? நடக்கறதைப் பார்த்தே நெஞ்சு அடிச்சுக்குது" என்பார்.

அந்த நெஞ்சுதான் ஒருநாள் அவர் காலை வாரிவிட்டது. மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, பைபாஸ் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். என்னவோ ஃபைல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். குரலைத் தாழ்த்தி, "தூக்கமே வர மாட்டீங்குது அம்மணி. அங்க போய்ப் படுத்துட்டு விட்டத்தைப் பார்த்துட்டே இருந்தன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிருவன். ஒரு கதைப் புஸ்தகம் குடுங்க. சந்தோஷமா படிக்கற மாதிரி இருக்கோணும். ஆனா ஒண்ணு, அதுல ஒருத்தரும் சாகக் கூடாதுங்க" என்றார். எப்போதும் என்னைப் பார்த்துப் பேசுபவர், அன்றைக்கு மேசை மேலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துப் பேசினார்.

இதென்ன பிரமாதம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அலமாரி முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. என் பிராணனாக நினைத்திருந்த புத்தகம் ஒவ்வொன்றிலும் யாராவது செத்துப்போயிருந்தார்கள். ஒன்றில் முதல் வரியிலேயே பாடை கட்டுகிறார்கள். ஒன்றில் படகு கவிழ்கிறது. காதல் கதையாச்சே என்று எடுத்தால் அவளுக்குக் காசநோய். சிரிப்புக் கதையில்கூட மாமனார் போனால்தான் சொத்துச் சண்டையே ஆரம்பிக்கிறது. அடப்பாவிகளா, ஒரு மனுஷன் நிம்மதியாகப் படிக்க ஒரு புத்தகம் எழுதியிருக்கக் கூடாதா என்று எழுதியவர்களையெல்லாம் திட்டினேன். நான் இத்தனை காலம் சந்தோஷத்துக்காகப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது இதையெல்லாம்தானா என்று எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் அடித்தட்டில் இந்த நாவல் அகப்பட்டது. ஒரு சின்ன ஊரில் ஹோட்டல் நடத்தும் குடும்பத்தின் கதை. அதில் ஒரு சமையல்காரர் வருவார். முதலாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற பையன் வரைக்கும் அவர் வாய்க்குத் தப்பமாட்டார்கள். சாப்பிட வருகிறவர்களையே, மூன்றாவது தோசை கேட்டால், திட்டித்தான் போடுவார். பாளையங்கோட்டையிலிருக்கும் என் அக்கா எப்போதோ கொடுத்தது. டிராமில் உட்கார்ந்து படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனது வரை எனக்கு ஞாபகம் இருந்தது. சிரித்தது மட்டுமே ஞாபகம் இருந்தது. காக்கித்தாள் அட்டை போட்டு மறுநாளே சாரிடம் கொடுத்துவிட்டேன். "ஒருத்தரும் சாகலீங்களே?" என்று கேட்டார். "ஒருத்தரும் சாகல சார்." "சத்தியமாங்?" "சத்தியமா சார்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அக்கா வழக்கம்போல போன் செய்தாள். சார் கதையை எல்லாம் சொல்லி, இன்ன நாவலைக் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையடித்தேன். எந்த நாவல் என்று அவள் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஏட்டி, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அதுல அந்தச் சமையக்காரரு ஆபரேஷன் பண்ணிக்கிடணும்னு ஆஸ்பத்திரிக்குப் போயி, செத்துல்லா போவாரு!" என்றாள்.

ஆமாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட சாம்பாரைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போவார். அடுத்த அத்தியாயத்தில் அரைப் பக்கம், அவ்வளவுதான். அவர் திரும்பி வரவில்லை, அன்றைக்கு ஹோட்டல் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை என்று முடிந்துவிடும். எழுதினவர் அவ்வளவு சத்தமில்லாமல் எழுதியிருந்தார், நானும் சத்தமில்லாமல் மறந்திருந்தேன். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற மனுஷனின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், சத்தியம் வேறு செய்து. உலகத்தில் இத்தனை கோடிப் புத்தகம் இருக்க, இதைப் போய்!

உடுத்தியிருந்த புடவையோடு ஓடினேன். ஆஸ்பத்திரி இருக்கும் ஜாதவ்பூர் போக ஷேர் ஆட்டோவில் ஏறினால், இன்னொரு ஆள் வந்தால்தான் கிளம்புவேன் என்று டிரைவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆளின் இடத்துக்கும் நானே தருகிறேன், தயவுசெய்து எடுங்கள் தாதா என்று வங்காளத்தில் கெஞ்சினேன். போகிற வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். சார் மெதுவாகப் படிப்பவர். ஃபைலையே விரல் வைத்து வரி வரியாகப் படிப்பார். அந்த விரல் இப்போது எந்த வரியில் இருக்கிறதோ! விரலைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள் சார், நான் வந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் அரற்றிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சாரின் மனைவி பார்வையாளர் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம். "நீ போய்ப் பாரு கண்ணு. நேத்துல இருந்து சிரிச்சுட்டே கெடக்கறாரு. அந்தச் சமையல்காரன்னா அவருக்கு அத்தனை உசுரு. நர்சுப் புள்ளைகிட்டக்கூட அவனைப் பத்தித்தான் சொல்றாரு" என்றார். அட்டையை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

சார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புத்தகம் மடியில். பச்சை டேக்கை அப்போதுதான் நகர்த்தி வைத்திருந்தார். "வாங்க அம்மணி. இவன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டானுங்க. நம்மளை மாதிரியே. எப்படித் திரும்பி வாரான்னு பார்த்துட்டுத்தான் இன்னிக்குத் தூங்கோணும்" என்றார். வேறு புத்தகம் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டுப்பார்த்தேன். குழந்தையிடமிருந்து பொம்மையைப் பிடுங்குகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ. "நீங்க கண்ணை மூடிக்குங்க சார், இந்த அத்தியாயத்தை நானே வாசிக்கிறேன்" என்றேன். கொடுத்துவிட்டார்.

டேக் இருந்த பக்கத்தைத் திறந்தேன். அந்த அரைப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வேறொன்றை வாசித்தேன். சமையல்காரர் ஹோட்டல் வாசலில் வந்து இறங்கினார். உள்ளே போகாமல் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "எவன்டா சட்னில பூண்டு வச்சது? நாலு நாள் நான் கண்ணை மூடினா என் கடையை மிலிட்டரி ஹோட்டல் ஆக்கிடுவீங்களா?" என்று கத்தினார். தையல் பிரிந்துவிடும் என்று முதலாளி அம்மா அழுதாள். அப்படியே பிரிந்தாலும் தோசையில் ஓட்டை விழாது, வழியை விடு என்றார். ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரியைத் தேட வேண்டியிருந்தது. ஒரு தடவைகூட நான் ஒரு கதை எழுதியவளில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, பேஷன்ட்டை இப்படிச் சிரிக்கவைக்கக் கூடாது என்று என்னைக் கடிந்துவிட்டுப் போனாள். ஓரிடத்தில் சார் கண்ணைத் திறக்காமலே, "ஏனுங்க அம்மணி, பக்கத்தைத் திருப்பலீங்களா?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. சட்டென்று ஒரு தாளைத் திருப்பிவிட்டுத் தொடர்ந்தேன்.

மிச்சத்தை அவர் வீட்டுக்குத் திரும்பியபிறகு படிக்கலாம் என்று சாரிடம் சொல்லிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் ஆபரேஷன் முடிகிறவரைக்கும் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது. ஆனால் என் பயம் முடியவில்லை. சார் தேறி ஆபீஸுக்கு வந்ததும் புத்தகத்தைக் கேட்டார். அக்காவுக்கு அனுப்பிவிட்டேன் என்று புளுகினேன். அதற்குப்பிறகு அவர் கேட்கவில்லை. ஊரெல்லாம் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டார்! கதையே பிடிக்காத மனுஷர், சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று, ஒருத்தரும் சாகாத அருமையான கதை என்று பிரசங்கம் செய்தார். பிணமே விழாத கதையில் அப்படி என்னதான் இருக்கும் என்று டெஸ்பாட்ச் தாதா கேட்டார். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சார் ரிடையராகிக் கோயம்புத்தூர் போன அன்று ஹவுரா பிளாட்பாரத்தில் நான் அழுதேன். அதில் பாதி நிம்மதி அழுகை என்பதை யாரிடம் சொல்ல முடியும்?

அதற்குப்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் சார் போன் செய்தார். நெஞ்சில் இன்னொரு ஆபரேஷன், இந்தத் தடவை வால்வாம். குரல் மெலிந்திருந்தது. "வயசாயிருச்சுங்க அம்மணி, டாக்டருங்களே யோசிச்சு யோசிச்சுத்தான் பேசறாங்க. அந்தப் புஸ்தகத்தை அனுப்புங்க. அவன் திரும்பி வாரதை இன்னொருக்கா படிக்கோணும்" என்றார். "அது அங்கேயே கடைகள்ல கிடைக்குமே சார்" என்று மென்று விழுங்கினேன். "வாங்கினனுங்க. இங்க வந்த வருஷமே வாங்கிட்டேன். கடையில வாங்கினதுல அந்தப் பக்கம் இல்லீங்க அம்மணி. உங்க புஸ்தகத்துலதான் இருக்குது. அதையே அனுப்புங்க" என்றார். கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. "சரிங்க சார்" என்றேன். போனை வைத்துவிட்டு அடக்கமாட்டாமல் அழுதேன்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை எழுதுகிறேன், கிழிக்கிறேன். சட்னியும் தோசையும் ஞாபகம் இருக்கின்றன, நடுவில் சொன்னதெல்லாம் போய்விட்டது. அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கும் என்று பயமாக இருக்கிறது. அவர் என்ன ஆவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் ஒருவழியாக முடிந்தது. நாவலின் அளவுக்கே தாளை வெட்டி, பொடி எழுத்தில் எழுதி, அந்த அரைப் பக்கத்தின் மேலேயே வைத்து, அதே பச்சை டேக்கைக் கோத்துக் கட்டியிருக்கிறேன். சமையல்காரர் வாசலில் இறங்குகிறார், மூக்கை உறிஞ்சுகிறார், எல்லாரையும் திட்டுகிறார், அடுப்படிக்குப் போகிறார். ஒரு பக்கத்திலேயே அடக்கியிருக்கலாம். வேண்டுமென்றேதான் தாளின் பின்பக்கத்துக்கும் கொண்டுபோயிருக்கிறேன். இந்தத் தடவை சார் திருப்புவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது.