வெல்டரின் மனைவிக்கு ஒரு முகம்

சங்கத்தில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்று யாரோ ஒரு பொல்லாத வாய் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வயதில் சின்னவர்கள் ரப்பரக்கா என்பார்கள், பெரியவர்களுக்கு வெறும் ரப்பர். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் தொழில். இதயத்தின் குறுக்குவெட்டு, தவளையின் ஈரல், எரிமலையின் வயிறு என்று பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகளைக் கலங்கடிக்கும் படங்களில் பாதி அவள் கை போட்டவை.

புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம் அது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை, நடந்தால் ஆடும் இரும்புப் படி. மாதம் ஒருமுறை கூடுவார்கள். கூடியதும் செயலாளர் எழுந்து, உறுப்பினர்கள் அண்மையில் செய்த வேலைகளையும் வாங்கிய பரிசுகளையும் சொல்லுவார். ஒருவர் பறவைப் புத்தகத்துக்குப் பரிசு வாங்கியிருப்பார். ஒருத்தி விமானத்தில் இருக்கைக்கு முன்னால் செருகி வைக்கும் பாதுகாப்பு விளக்க அட்டைக்குப் படம் போட்டிருந்தாள். "விமானம் விழுறப்போ எல்லாரும் கடைசியா பாக்கப்போறது என் படத்தைத்தான்" என்று அவள் சொல்ல, அறையே சிரித்தது. எல்லாரோடும் சேர்ந்து ரப்பரும் கைதட்டுவாள். அவள் முறை வரும்போது மட்டும் செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் தாவிவிடுவார்.

சொல்ல என்ன இருந்தது? பாடப் புத்தகங்களை ஒரேயடியாக மாற்றி அச்சடித்தவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. போய்க் கேட்டதற்கு, "கூப்பிடுவோம், வீட்லயே இருங்க" என்றார்கள். அவளும் வீட்டிலேயே இருந்தாள். வருஷங்கள் ஓடின. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார், இருக்கிற நாளில் பேச்சுக்குக் குறைவில்லை. "கைதட்டுதானே வேணும்? நான் தட்டுறேன். சும்மா ஒரு கோடு போடு, விடிய விடியத் தட்டுறேன்" என்பார். சிரிப்பு வராது அவளுக்கு.

அந்த மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தாழ்வான தெருக்களுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. பிழைத்தவர்களுக்கு, போனவர்களின் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. சுவரில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் போனில் இருந்ததும் சேற்றோடு சேறாகிவிட்டன. அப்போதுதான் சங்கம் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல இறந்தவரின் முகத்தை வரைந்து கொடுப்பது, பிறகு எல்லாவற்றையும் நகர மண்டபத்தில் காட்சிக்கு வைப்பது. முதலில் கையைத் தூக்கியவள் ரப்பர்தான்.

அவளுக்கு வந்தவன் ஒரு வெல்டர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முழங்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். கூடவே நாலு வயதுப் பெண் குழந்தை. அவன் மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள், அனாதை விடுதியில் வளர்ந்தவள். இவளைப் போல இருப்பாள் என்று காட்ட அக்கா தங்கை கிடையாது. அரசு அலுவலகத்தில் அடையாள அட்டையின் நகலை வாங்கி வந்திருந்தான். முத்திரை சரியாக முகத்தின்மேல் குத்தியிருந்தது. கம்பெனியில் எடுத்த கூட்டப் படம் ஒன்றும் இருந்தது. முன்னால் நின்ற நெட்டைக்காரியின் கொண்டைக்குப் பின்னால் அவளுடைய வகிடும் அரை நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"எப்படி இருப்பாங்க, சொல்லுங்க தம்பி."

"நல்லா இருப்பா மேடம்."

"மூக்கு?"

"மூக்கு... மூக்கு மாதிரிதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவனே முகத்தைப் பொத்திக்கொண்டான். "கண்ணு முன்னாடி நிக்கிறா மேடம். வாயைத் தொறந்து சொல்லப் போனா ஓடிப்போயிடுறா."

முதல் படத்தைப் பார்த்து இல்லை என்றான். கண்ணை மாற்றினாள், இல்லை. தாடையைச் சுருக்கினாள், இல்லை. பலவகை மூக்குகளையும் வாய்களையும் தனித்தனியே வரைந்து மேசையில் பரப்பி, பொறுக்கி எடுக்கச் சொன்னாள். சந்தையில் காய் பார்ப்பவன் போல ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வைத்து, கடைசியில் எல்லாமே அவளுடையது மாதிரி இருக்கிறது என்றான். வாரா வாரம் வந்தான். மேடம் அக்காவாயிற்று. தாள் தேய்ந்து ஓட்டை விழும்வரை அழித்தாள். மண்டபத்தில் காட்சி வைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள் என்ற செய்தி ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அவன் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னான்:

"பஸ்ல பாப்பா யாரோ ஒரு பொம்பளையைப் பாத்து அம்மான்னு கூப்பிட்டுட்டாக்கா. அந்தம்மா இறங்கிப் போனதும் ஒரே அழுகை. அப்புறம் இன்னொருத்தியைக் கூப்பிட்டா. பாப்பாவுக்கு அவ முகம் மறந்துக்கிட்டு வருது. சீக்கிரம் போட்டுக் குடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்று அவளுடைய கை வேறு யாருடையதோ போல ஓடியது. அந்த வகிட்டுக்கும் நெற்றிக்கும் கீழே ஒரு முகத்தைக் கொண்டுவந்தாள். அகலக் கண்கள், லேசாகத் திறந்த உதடு, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட பார்வை. அழகான படம். அவள் வாழ்நாளில் போட்டதிலேயே நல்ல படம். அவன் நெடுநேரம் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கண்களில் நீர் முட்டி நின்றது.

"ஆமாக்கா" என்றான். "இதுதான். இவளேதான்."

பொய் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம், அவன் தன்னைப் பார்த்தல்லவா சொன்னான். நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மண்டபத்தில் கூட்டம் அலைமோதியது. அத்தனை படங்களிலும் அந்தப் படத்தின் முன்னால்தான் ஜனம் நின்றது. பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எடுத்துப் போட்டார்கள். செயலாளர் மேடையேறி, "இந்த வருஷம் நம் சங்கத்தின் பெரிய சாதனை இது" என்று அவளைக் காட்டிச் சொன்னபோது கைதட்டல் கூரையைத் தூக்கியது. வெல்டர் ஒரு ஓரமாகத் துவைத்த சட்டையில் நின்று கும்பிட்டான். அவன் விரலைப் பிடித்து வந்த குழந்தை மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நிற்கவே இல்லை. தாண்டிப்போய், பக்கத்துப் படத்தில் இருந்த வழுக்கைத் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. அதை ரப்பர் பார்த்தாள்.

ஊருக்கு ஊர் அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுவதென்று சங்கம் முடிவு செய்தது. அவளுக்கு வேலைகளும் வரத் தொடங்கின. ஒரு மாதம் போயிருக்கும். பகல் வெயிலில் வெல்டர் வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அவ போயிட்டாக்கா."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"கண்ணை மூடினா முன்னாடியெல்லாம் வருவா. சொல்லத் தெரியாது, ஆனா வருவா. இப்ப அந்தப் படம்தான் வருது. எங்க கல்யாணத்தை நெனச்சா அந்தப் படம் பக்கத்துல உக்காந்திருக்கு. பாப்பா பொறந்ததை நெனச்சாலும் அந்தப் படம்தான் அவளைக் கையில வெச்சிருக்கு. என் பொண்டாட்டி எப்படி இருப்பான்னு எனக்கே தெரியலக்கா. நான்தான் தப்பு. இல்லைன்னு சொல்லியிருக்கணும். எத்தனை தடவைதான் சொல்றது? நீங்க அழுதீங்க. சரி, இவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

ரப்பர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். தனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இனிமேல் தன் முகத்தில் தானே விழிக்க முடியாது.

"எனக்கும் அன்னிக்கே தெரியும் தம்பி" என்றாள். "தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெறுமே அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

சங்கத்து அறைக்குச் செயலாளரைத் தேடி ஓடினாள். படத்தை எடுத்துவிடுங்கள், அது அந்தப் பெண்ணே இல்லை என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரு. நீங்க யாரும்மா இல்லைன்னு சொல்ல? எல்லா ஊர்லயும் போஸ்டர் அச்சடிச்சு ஒட்டியாச்சு. இப்ப எடுத்தா சங்கத்தோட மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும்" என்றாள் அவள். அங்கே இருந்த இரும்பு ஸ்டூலின் மேல் ஏறி, ஊர்களுக்கு அனுப்பப் பரணில் கட்டி வைத்திருந்த படங்களிலிருந்து தன்னுடையதை உருவினாள். சட்டத்தைப் பிரித்துத் தாளை நான்காய் எட்டாய்க் கிழித்தாள். அறையில் இருந்தவர்களில் விமான அட்டைக்காரி மட்டும் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், கீழே இறங்கக் கை கொடுத்தாள். கிழித்து என்ன? போஸ்டரில் இருந்தது, பத்திரிகையில் இருந்தது, அவன் மண்டைக்குள் இருந்தது. அதை எந்த ரப்பரால் அழிப்பது?

சில நாள் படுத்தே கிடந்தாள். லாரியிலிருந்து வந்த கணவர், உலை வைக்காத அடுப்பையும் அவளையும் பார்த்துவிட்டு, இந்த முறை கிண்டல் பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தப் பையன் வீட்டுக்குப் போனியா?"

"எந்த மூஞ்சியோட போறது?"

"இருக்கிற மூஞ்சியோட போ. வேற எங்க கெடைக்கும்? கெளம்பு, நான் கொண்டுபோய் விடுறேன்."

வெல்டரின் வீடு ஒரே அறை. வெள்ளம் நின்ற உயரத்துக்குச் சுவரில் பழுப்புக் கோடு. அவன் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாயை மட்டும் விரித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். குழந்தை அவள் பையிலிருந்த பென்சில்களைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் எதையும் திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"பாப்பா, அம்மா உன்னைத் தூக்குவாங்களா?"

"இடுப்புல வெச்சுப்பா."

"இடுப்புல இருந்து பாத்தா என்ன தெரியும்?"

"காது" என்றது குழந்தை, இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல. "தோட்டு ஓட்டை பெரிசா இருக்கும். நான் இழுத்துட்டேன். ரத்தம் வந்துச்சு. அம்மா அழல."

ஜன்னல் பக்கம் நின்றவன் திரும்பினான்.

அவள் வரைந்தாள். கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற ஒரு காது, நீளமாக இழுபட்ட துளை. அப்புறம் என்ன என்றாள். கழுத்தில் மணி மணியாக வேர்வை, அதில் ஒட்டிய முடி. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், அதைக் குழந்தை விரலால் அமுக்கினால் அம்மா ஹாரன் மாதிரி பாம் பாம் என்பாள். தாடையின் அடிப்பக்கம். அதற்கு மேலே குழந்தைக்குத் தெரியவில்லை, அவளும் போடவில்லை. மேலே தாள் வெள்ளையாகவே இருந்தது.

வெல்டர் வந்து குனிந்து பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மனைவி போனதற்கு அவன் அதுவரை வாய்விட்டு அழுததில்லை என்று பிறகு சொன்னான். அன்று அழுதான். குழந்தை பயந்து ரப்பரின் மடியில் ஏறிக்கொண்டது.

"மச்சத்தை மறந்தே போயிட்டேன்" என்றான், திரும்பத் திரும்ப.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்பவாவது வர்றாங்களா தம்பி?"

கண்ணை மூடிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"இல்லக்கா. இன்னும் உங்க படம்தான் வருது. காது மட்டும் அவளோடது."

அதற்குப் பிறகும் அவள் போய்க்கொண்டிருந்தாள். வந்த வேலைகளை வேண்டாமென்றாள், சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் குழந்தை, அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் ஊசி குத்திய கறுப்பைச் சொன்னது. இன்னொரு நாள், தூங்க வைக்கும்போது அம்மாவின் மூக்கு எழுப்பும் விசிலைச் சொன்னது. அதை எப்படி வரைவது என்று புரியாமல் இருவரும் விழித்தார்கள். வரவர இடைவெளி அதிகமாயிற்று. குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. அங்கே டீச்சர் இருந்தாள், தோழிகள் இருந்தார்கள், சொல்ல வேறு கதைகள் இருந்தன. "அம்மா பத்திச் சொல்லு கண்ணு" என்று அப்பன் கெஞ்சினால், யோசித்துவிட்டு, முன்பே சொன்ன மச்சத்தையே மறுபடி சொல்லும். சில நாள் அதுவும் இல்லை. அன்றைக்கு மூவரும் பாயில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வெளியே பஸ் போகும். வெல்டர் எழுந்து டீ போடுவான். அவள் பென்சிலைச் சீவி, மறுபடி பையில் வைத்துக்கொள்வாள்.