ரோசம்மாள் நிலத்துக்கு மேற்கு

இது நடந்தது. சந்தேகம் உள்ளவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்து கேட்டால் சோனியா தன் போனை எடுத்து நீட்டுவாள். லோகு அவளைக் கூப்பிட்ட நேரம் அதில் இன்னும் இருக்கிறது. பகல் 12.21. விஷயம் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் தொடங்கி, ஐந்து நிமிடம் கழித்து முடிந்தது. இருட்டு இல்லை. நாய் ஊளையிடவில்லை. சித்திரை வெயில், தலைக்கு நேர் மேலே சூரியன்.

சோனியாவுக்கு முப்பத்துநான்கு வயது. சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடம் தரச்சோதனை பார்த்தவள். ஒரு வளையத்தின் விட்டம் மயிரிழை பிசகினாலும் சிவப்புத் தொட்டியில் தூக்கிப் போடுவதுதான் அவள் வேலை. கான்ட்ராக்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த அதே மாதம், நிலத் தரகு செய்யும் அண்ணன் ஜோஷ்வாவுக்கு மஞ்சள் காமாலை.

"ரெண்டு மாசம் ஆபீசைப் பாத்துக்கோ சோனி. போன் வந்தா எடு. பார்ட்டி வந்தா மனையைக் காட்டு. வேற எதையும் நோண்டாத" என்று சாவியைக் கொடுத்தான்.

நோண்டாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. பகலெல்லாம் பத்திரங்களைப் படித்தாள். வில்லங்கச் சான்று எதற்கு, பட்டா எதற்கு என்று பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டுக் கேட்டு அவரைப் பேஜாராக்கினாள். ஒரு மாதத்தில் தொழில் பிடிபட்டது. பிடிபட்டதில் அவளை அசத்தியது ஒன்றே ஒன்று: நான்கெல்லை.

ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பத்திரம் எப்படிச் சொல்லும் தெரியுமா? சுற்றியிருக்கிறவர்களை வைத்துத்தான் சொல்லும். 'சின்னதுரை நிலத்துக்குத் தெற்கு, கால்வாய்க்கு வடக்கு, ரோசம்மாள் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்.' பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதுப் பத்திரம் எழுதுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்தது. சின்னதுரை செத்து முப்பது வருடம் ஆகியிருக்கும். பத்திரத்தில் மட்டும் அவர் வடக்குப் பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருப்பார்.

மேலே சொன்ன நான்கெல்லை ஜோஷ்வாவின் புது லே-அவுட்டின் மூலப் பத்திரத்தில் இருந்தது. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற வழியில் இருபத்தொரு மனைகள். அதில் பதினான்காம் மனையை வாங்கப் போகிறவள் செண்பகம். கம்பெனியில் ஒன்பது வருடம் சோனியாவுக்குப் பக்கத்து மேஜை. வாடகை வீடு மாறி மாறிப் பன்னிரண்டு முறை சாமான் தூக்கியவள். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு.

"எனக்கு உங்க அண்ணனைத் தெரியாதுடி. நீ அளந்து சரின்னு சொல்லு, கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போடறேன்" என்றாள் செண்பகம்.

ஆகவே செவ்வாய்க்கிழமை அளக்கப் போனாள் சோனியா. கிளம்பும்போது அண்ணனுக்குச் சொன்னாள். அவன் போனிலேயே கத்தினான்.

"அளக்கறதுக்கு இன்னா கீது? மேப்பு கீதுல்ல? நாப்பதுக்கு முப்பது. இன்னாமோ சர்வேயர் மாதிரி பண்ற!"

"மேப்பு நீ போட்டது. மண்ணை நான் பாக்கணும்."

"வர வர உனக்கு வாய் ஜாஸ்தியாகிப் போச்சு" என்று வைத்துவிட்டான். சோனியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் ஸ்கூட்டரை எடுத்தாள்.

மணி 12.09. லே-அவுட்டில் யாரும் இல்லை. வெள்ளையடித்த கற்கள். பாதைகளில், மனை ஓரங்களில் புதிதாகக் கொட்டிய சிவப்புக் கிராவல் மண். அண்ணன் சிரிக்கிற ஃப்ளெக்ஸ் பலகை, பதினான்காம் மனையின் கிழக்கு ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேல். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டிய லோகுவைக் காணோம். லோகு அண்ணனிடம் வண்டி ஓட்டுகிறவர். பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு தானே தொடங்கினாள். பலகைக்குப் பின்னால் இருந்த கிழக்குக் கல்லில் டேப்பின் வளையத்தை மாட்டினாள். பலகையின் அடியில் டேப்பைக் கொடுத்து, மேற்கே நடந்து, மேற்குக் கல்லில் உட்கார்ந்து இழுத்தாள். வளையம் கழன்றது. மறுபடி போய் மாட்டினாள். மறுபடி கழன்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. லோகுவை நாலு வார்த்தை திட்டினாள்.

அப்போதுதான் பலகைக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

சர்க்... சர்க்... சர்க்...

கிராவலில் காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

"இப்பத்தான் விடிஞ்சுதா லோகுண்ணே? வண்டிச் சத்தமே கேக்கல. சரி, முனையைப் புடி."

தரையில் கிடந்த டேப் எழுந்தது. விறைத்தது. மணி 12.17.

சோனியா தலை நிமிராமல் எண்ணைப் படித்தாள். இருபத்தொன்பது அடி. நாற்பது இருக்க வேண்டும்.

"அண்ணே, கல்லு மேல வைக்கணும். எங்க வெச்சுக்கினுகீற?"

டேப் தளர்ந்தது. மறுபடி விறைத்தது. இருபத்தொன்பது.

மூன்றாம் முறை. இருபத்தொன்பது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் பார்த்த வேலையில் ஒரு கணக்கு உண்டு. மூன்று முறை அளந்து மூன்றும் வேறு வேறாக வந்தால் அளக்கிறவர் கை சரியில்லை. மூன்றும் நூல் பிசகாமல் ஒன்றாக வந்தால் கை சரியாக இருக்கிறது, பொருளில்தான் கோளாறு.

"வெயில்ல விளையாடறியா? கல்லு அங்க கீது, நீ பதினோரு அடி உள்ள வந்து நின்னுக்கினு..." என்று எழுந்தாள்.

போன் அடித்தது. 12.21.

"சிஸ்டர், கோச்சுக்காதீங்க. கவரைப்பேட்டைல வண்டி பஞ்சராயிட்சி. கடைக்காரன் சோறு துன்னப் பூட்டான். இன்னும் அர மணி ஆவும்..."

சோனியா கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.

டேப் விறைப்பாகவே இருந்தது.

பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக அந்தப் பக்கத்து மண் தெரியும். கல்லின் அடிப்பாகம் தெரியும். யாராவது நின்றால் கால் தெரியும்.

குனிந்து பார்த்தாள்.

கால் இல்லை.

அப்புறம்தான் கவனித்தாள். டேப் பலகையின் அடியில் போகவே இல்லை. பலகைக்கு இந்தப் பக்கம், மனைக்கு உள்ளேயே, வெட்டவெளியில் முடிந்தது. இடுப்பு உயரத்தில். வளையம் அந்தரத்தில் நின்றது.

காற்று இல்லை... ஒரு இலை அசையவில்லை.

டேப் நடுங்கியது. வயதானவர்கள் கை நடுங்குமே, அப்படி.

"யாரு?"

இழுத்தது.

ஒரு அடி முன்னால் போனாள். காலை ஊன்றினாள். மறுபடி இழுத்தது. அதில் பலத்தைவிடக் கோபம்தான் இருந்தது. சொத்தைப் பிடுங்க வந்தவனைப் பிடித்து இழுக்கிற கோபம். அது டேப்பின் வழியாக அவள் தோள் வரைக்கும் ஏறியது.

டேப் விரலை அறுத்தது. விட வேண்டியதுதானே? முடியவில்லை. கை மூடிக்கொண்டது.

12.24...

12.25...

கடைசியில் எப்படியோ குரல் வந்தது.

"விடுங்கம்மா."

டேப் பொத்தென்று விழுந்தது.

12.26.

அம்மா என்று ஏன் சொன்னாள்? அவளுக்கே தெரியாது. டேப்பைச் சுருட்டவில்லை. ஸ்கூட்டரில் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். பயம் பாதி வழியிலேயே தீர்ந்து, மிச்சமெல்லாம் கோபமாகியிருந்தது. ஜோஷ்வா மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பதினாலாம் மனை இருபத்தொம்பது அடிதான். மீதி பதினோரு அடி யாருது?"

ஜோஷ்வாவின் கை தட்டிலேயே நின்றது. "யார் சொன்னது இருபத்தொம்பதுன்னு?"

"யாருதுன்னு கேட்டேன்."

"நம்முளுதுதான். கிழக்கால ரோசம்மாள்னு ஒரு கிழவி நிலம். அது செத்துப் பூட்ச்சு. தம்பி மவன் ஒருத்தன்தான் வாரிசு. அவன்கிட்ட அந்தப் பதினோரு அடியை எழுதி வாங்கினேன். எல்லாம் பக்காவா கீது, பீரோவுல பாரு."

பார்த்தாள். இறப்புச் சான்று, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. வாரிசுச் சான்று, ஒரே பெயர். கிரயப் பத்திரம். முத்திரைகள், கையெழுத்துகள், எல்லாம் இருந்தன. காகிதத்தில் ஒரு பிசகு இல்லை. சோனியாவுக்கு அதுதான் உறுத்தியது.

"அந்தம்மா செத்ததை நீ பாத்தியா?"

"அவன் சான்று குடுத்தான், வாங்கினேன். நான் இன்னா, பாடியைப் பாக்கணுமா?"

"அதுக்கு வேற வாரிசு கெடையாதுன்னு விசாரிச்சியா?"

"தரகன் விசாரிச்சுக்கினே இருந்தா ஊட்ல அடுப்பு எரியாது சோனி."

அவன் எதிரிலேயே செண்பகத்துக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாத. மனை சரியில்ல."

"ஏய்! சோறு போட்டவன் வயித்துலயே அடிக்கிறியா?" ஜோஷ்வா எழுந்தான். மஞ்சள் கண்கள் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தன. தட்டு சுவரில் போய் விழுந்தது.

போனில் செண்பகமும் சும்மா இருக்கவில்லை. "ஊட்டுக்காரம்மாகிட்ட காலி பண்றேன்னு சொல்ட்டேன்டி! சரியில்லன்னா மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? என்னை ஏன்டி இம்மாந்தூரம் இட்டாந்த?"

சோனியா இருவரும் திட்டி முடிக்கும்வரை நின்றாள். பிறகு அந்தப் பத்திரக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கடையில் எல்லாவற்றையும் நகல் எடுத்தாள்.

லோகுதான் சொன்னார். ரோசம்மாளுக்கு ஒரு மகள் உண்டு. வள்ளூரில் இருக்கிறாள், அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. "உங்க அண்ணனுக்கும் தெரியும் சிஸ்டர். தெரியாத மாதிரி இருந்துச்சு" என்றார்.

மகள் இருக்கும்போது தம்பி மகன் எப்படி வாரிசாக முடியும்? அந்த மகளிடம் காகிதத்தைக் கொடுத்து, போய்க் கேஸ் போடு என்று சொல்வதற்காகச் சோனியா சனிக்கிழமை கிளம்பினாள். செண்பகம் தானாக வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "என் தலைல கட்டப் பாத்த நிலம் யாருதுன்னு நானும் பாக்கணும்."

வள்ளூர் போய்ச் சேரும்போது மணி 10.40. அங்கே எதைத் தொட்டாலும் சாம்பல். இலை, கொடியில் காய்கிற துணி, வாசற்படி எல்லாம் ஒரே நிறம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். மகள் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள்.

சோனியா வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். "உங்கம்மா காலமான பிறகு, உங்களுக்குத் தெரியாம..."

"யாரு காலமானது?"

"ரோசம்மாள்... உங்கம்மா..."

"வாய்ல நல்ல வார்த்தை வராதா உனக்கு? அம்மா உள்ள கீது."

உள்ளே கட்டில். கட்டிலில் ஒரு கிழவி. மூச்சு சீராக வந்தது.

"பக்கவாதம்க்கா. நாலு வருஷமாச்சு. கையி, காலு எதுவும் அசையாது. பேச்சும் இல்ல. கண்ணு மட்டும்தான்."

அந்தக் கண்கள் சோனியாவை விட்டு நகரவில்லை.

வலது கையில் துணி சுற்றியிருந்தது. சோனியா அதையே பார்த்தாள். செண்பகம்தான் கேட்டாள்.

"கைல இன்னா கட்டு?"

"அதான் எங்களுக்கும் புரியல. செவ்வாக்கெழம மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கினு இருந்தேன். நாலு வருஷமா அசையாத கை, திடீர்னு மூடிக்கிச்சு. பிரிச்சுப் பாத்தேன், வரல. பக்கத்தூட்டுக்காரரு வந்து இழுத்தாரு, அவராலயும் முடியல. எதையோ புடிச்சுக்கினு இருக்கற மாதிரி... நடுங்கிக்கினே இருந்துச்சு. அப்புறம் தானா தொறந்துச்சு. பாத்தா உள்ளங்கை பூரா கீறல்."

"எப்ப தொறந்துச்சு?"

"பன்னெண்டரை சங்கு ஊதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

மகள் துணியை மெல்ல அவிழ்த்தாள். குறுக்கே ஒரே நேராக ஓடிய கீறல். நக இடுக்குகளை விரித்துக் காட்டினாள். அங்கே சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"ரத்தம்னு நெனச்சேன். வெந்நீர் வெச்சுத் தொடச்சேன், போவல. மண்ணு" என்றாள். "கட்டிலை வுட்டு எறங்காத பொம்பள. எங்க ஊருல செவப்பு மண்ணே கெடையாது. இது எந்த ஊரு மண்ணுக்கா?"