சத்தமில்லாத இடமாகப் பார்த்தேன்

மதினியைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தேடி அலைந்த அந்த மாதத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாகவே நினைவில்லை. மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. புருஷன் போனபிறகு ஊரிலிருந்து வந்து, மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் பதினொரு வருஷம் கூட இருந்தவள். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது.

கர்ப்பப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி கரைய கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோய் உள்ளே அரித்து அரித்து, மூத்திரம் தானாக ஒழுக ஆரம்பித்திருந்தது. அடக்கவும் முடியாது, வருவதும் தெரியாது.

என் வீட்டுக்காரர் தி. நகரில் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். கடையில் மிஞ்சுகிற பிட் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து தருவார். அதை மடித்து மடித்து வைப்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை மாற்றுவேன். மாற்றின துணியைத் துவைக்க, ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். முதல் வாரம் எல்லாரும் பாவம் என்றார்கள். இரண்டாம் வாரம் நான் வாளியோடு போனால், அங்கே இருப்பவர்கள் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

வீட்டுச் சொந்தக்கார அம்மா நல்லவள்தான். அவளுடைய பெண்ணுக்கு வடபழனி கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதே. இந்தக் காம்பவுண்டுல ஒரு சாவு விழுந்துட்டா, நான் எப்படி வாசல்ல பந்தல் போடுவேன்? நீயே சொல்லு."

மதினிக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த அம்மா போனபிறகு மதினி என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, எங்க வேணாலும் போடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஈரத்துல மட்டும் கெடக்க விட்டுராதீங்க." நான் சரி என்றேன். அது ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

நான் சுபாவத்திலேயே கவலைப்படுகிறவள். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தபிறகும், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதால், படித்தவர்கள் இருக்கிற இடத்தில் என்ன கேட்பது என்றும் தெரியாது. அதனால் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நாற்றம் அடிக்கிறதா, விரிப்பு வெள்ளையாக இருக்கிறதா, டாக்டர் வருவாரா, எத்தனை பேருக்கு ஓர் ஆயா, யாராவது அழுகிறார்களா. அழுகிறார்களா என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். வலியில் கத்தவிடுகிற இடம் மோசமான இடம் என்பது என் எண்ணம்.

முதலில் பார்த்தது மயிலாப்பூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம். சந்துக்குள் ஓட்டுக் கட்டடம். உள்ளே நுழையும்போதே பினாயிலும் மூத்திரமும் கலந்து மூக்கில் ஏறியது. நீளமான ஒரே ஹால், இரண்டு பக்கமும் கட்டில். காதைப் பொத்திக்கொள்ளலாம் போலச் சத்தம். ஒரு கிழவி "தண்ணி, தண்ணி" என்கிறாள். இன்னொருத்தி "ஏ ஆயா, ஏ முண்டை" என்று கூப்பிடுகிறாள். கறுத்து, குட்டையாக, இடுப்பில் முந்தானையைச் செருகிய ஆயா ஒருத்தி எனாமல் பேசின் ஒன்றை ஏந்திக்கொண்டு ஓடிக்கொண்டே, "வர்றேன்டி, எனக்கு இன்னா நாலு காலா கீது?" என்று அவளுக்கு மேல் கத்துகிறாள்.

நான் அவளை நிறுத்தி, "ஏம்மா, இவங்க எப்பவும் இப்படித்தான் கத்துவாங்களா?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாய் கீது, கத்துது. நீ இன்னாமே, கத்தாத நோயாளியப் பாத்துக்கினு போலாம்னு வந்தியா?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. தாளை எடுக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரரும் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அநாதைங்களை வைக்கிற இடம் அது. தம்பி ஒருத்தன் உயிரோட இருக்கும்போது எங்க அக்காவை அங்க போட்டேன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நான் எப்படித் தலைகாட்டுவேன்?"

இரண்டாவது, அடையாறில் ஒரு தோட்டத்து வீடு. ரிட்டயர்டு நர்ஸ் ஒரு அம்மா வைத்து நடத்தினார். கடைக்கு வருகிற ஒருவர் சொல்லி அனுப்பியது. வாசலில் வேப்பமரம், சிமெண்டுத் தரை கண்ணாடி மாதிரி. அறைக்கு நான்கு கட்டில். விரிப்பெல்லாம் வெள்ளை. படுத்திருந்தவர்களுக்குத் தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, திருநீறோ குங்குமமோ வைத்திருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அந்த அம்மா தானாகவே சொன்னார். "எங்ககிட்ட ஒரு சத்தம் கேட்காது பாருங்க. நோயாளிக்கு அமைதிதான் முக்கியம்."

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரியாக இருந்தது. கடைசியில் இருந்த கேள்விக்கு ரொம்பவும் சரியாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, எத்தனையோ நாளைக்குப்பிறகு எனக்குப் பசித்தது.

டாக்சி வைத்து மதினியைக் கொண்டுபோய் விட்டோம். பார்வை நேரம் சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். போகும்போதெல்லாம் மதினி தலை சீவி, பவுடர் போட்டு, வெள்ளை விரிப்பில் படுத்திருப்பாள். "எப்படி மதினி இருக்கு?" என்றால், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள். கல்யாணப் பத்திரிகை வந்ததா என்று கேட்பாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிறைய இருக்கும். தொட்ட மாதிரி இருக்காது. "குடிக்கலையா?" என்று கேட்டதற்குத் தாகமில்லை என்றாள். உதடு வெடித்திருந்தது. நோயின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். வெண்ணெய் கொண்டுபோய்த் தடவினேன்.

மூன்று வாரம் இப்படி. நானே அக்கம்பக்கத்தில், "அருமையான இடம், கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் ரசம் வைத்தபோது, மதினிக்கு இந்த வாசம் பிடிக்குமே, சாயங்காலத்துக்குள் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கு வந்தால் வந்ததுதான், போகாது. தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். முன் கேட் பூட்டியிருந்தது. பால்காரர் பக்கவாட்டுக் கதவால் உள்ளே போனார். நானும் அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

வராந்தாவில் ஆயா ஒருத்தி கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இப்ப பார்வை நேரம் இல்ல" என்றாள், எழுந்திருக்காமலே. நான் அறைக்குள் போனேன்.

வெள்ளை விரிப்பு இல்லை. ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு பழம்புடவை. அதில் மஞ்சளாக வளையம் வளையமாகக் கறை. நனைந்து, காய்ந்து, அதன்மேல் நனைந்து, திரும்பக் காய்ந்த வளையங்கள். கறையை எண்ணித் தெரிந்துகொள்ள எனக்குப் படிப்பு வேண்டாம். பதினொரு வருஷம் எங்கள் வீட்டில் அத்தனை துணியையும் துவைத்தவள் நான். மதினி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடப் பார்த்தாள். அவள் வெட்கப்பட்டாள். அதை நான் மறக்கவில்லை.

ஒருக்களித்துப் புரட்டினேன். முதுகின் அடியில், எலும்பு மேல், தோல் கறுத்துப் புண்ணாகி உள்ளே போயிருந்தது.

"ஏன் மதினி கூப்பிடல?"

"கூப்பிட்டேன். மொதல் மூணு நாலு நாள் கூப்பிட்டேன்."

எதிர்க்கட்டிலில் இருந்த அம்மாள், கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இங்க யாரும் கூப்பிடறதில்லம்மா. மூணரைக்கு வந்து எல்லாருக்கும் மாத்திடுவாங்க. அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருந்தா, கொஞ்சம் கம்மியா நனையும்."

அப்போதுதான் அந்த டம்ளர் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டின் சத்தமின்மையும் புரிந்தது.

நர்ஸ் அம்மா வந்து, "பார்வை நேரத்துக்கு முன்னாடி வந்தா இப்படித்தான் இருக்கும். உங்க வீட்டுல மட்டும் காலையில எல்லாம் பளபளன்னா இருக்கு?" என்றார். சண்டை போட எனக்குத் தெரியவில்லை. தூக்குச்சட்டியிலிருந்த ரசத்தை ஆறவைத்து மதினிக்குக் கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்றாள். "நான் இருக்கேன், மாத்திடறேன், குடிங்க" என்றபிறகு முழுவதையும் குடித்தாள். மூன்று வாரத்துத் தாகம்.

அன்றே மயிலாப்பூருக்குப் போனேன். கட்டில் காலி இல்லை, இரண்டு நாள் கழித்து வா என்றார்கள். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து விளக்கு வைக்கிறவரை அடையாறில் மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் முதலில், "அங்கேயா?" என்றார். முதுகில் இருந்ததைச் சொன்னேன். அதற்குப்பிறகு அவர் ஊரைப் பற்றிப் பேசவில்லை.

மயிலாப்பூர் ஹாலில் அதே சத்தம், அதே நாற்றம். அந்தக் குட்டை ஆயாதான் மதினியை வாங்கிக்கொண்டாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வந்துட்டியா? இன்னா, இது கத்தாத கேஸா?" என்றாள். முதுகைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்தக் கம்னாட்டி இப்டிப் போட்டு வெச்சான்?" என்று கேட்டாள். நாங்கள்தான் வைத்தோம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதினி அங்கேயும் கூப்பிடவில்லை. நனைந்துபோய் வாயை மூடிக்கொண்டு கிடப்பாள். ஆயா தானாக வந்து கையை விட்டுப் பார்த்து, "இன்னாக்கா, உனக்கு வாய்ல இன்னா கொழுக்கட்டையா? கூப்டு! ஆயான்னு கூப்டு. திட்டிக் கூப்டு" என்று அதட்டுவாள். பக்கத்துக் கிழவி, "நான் கத்துக்கொடுக்கறேன்" என்று நல்ல கெட்ட வார்த்தையாக நாலு எடுத்துவிட்டாள். மதினிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. நான்காம் நாள் நான் போயிருக்கும்போது, "ஏ ஆயா" என்று ஒரு குரல். பூனைக்குட்டி கத்துவதுபோல. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து, "வர்றேன்டி என் ராஜாத்தி, தோ வந்துக்கினே கீறேன்!" என்று பதில் வந்தது. மதினி என்னைப் பார்த்தாள். வந்துவிட்டாளா என்று கழுத்தைத் திருப்பி வழியைப் பார்த்தாள். வந்தாள். பிறகு மதினி தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். காய்ச்சல், பிறகு மூச்சு. நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வாசலில் கல்யாணப் பந்தக்கால் நட்டிருந்தார்கள். அங்கிருந்தே சுடுகாட்டுக்கு ஏற்பாடு செய்ய அவர் போனார்.

ஆயா வெந்நீர் கொண்டுவந்து உடம்பைத் துடைத்தாள். நான் கைகால் பிடித்துக் கொடுத்தேன். எல்லாம் ஆனபிறகு, அவள் மதினியின் தோளைப் பிடித்து என் பக்கமாக ஒருக்களித்தாள்.

"பாத்துக்க" என்றாள்.

"வேணாம்மா. போதும்."

"பாருமே. இப்பப் பாக்காம போனா, நீ ஜென்மத்துக்கும் அந்தப் புண்ணையே நெனச்சிக்கினு கெடப்ப. உன் மூஞ்சப் பாத்தாலே தெரியல?"

பார்த்தேன். புண்ணைச் சுற்றிவர ஓரம் காய்ந்து, புதுத்தோல் ரோஸ் நிறத்தில் நூல்போல வந்திருந்தது. விரலால் அதைக் காட்டினாள். "இது எட்டு நாள் வேல. இன்னும் ஒரு மாசம் உசுரோட இருந்தா மூடியிருப்பேன்."

நடுவில் இருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டணாக் காசு அகலத்துக்கு, கறுப்பாக, ஆழமாக, அது அப்படியே இருந்தது. அது என் மூன்று வாரம். நான் விசாரித்து, நேரில் போய், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில் வந்தது.

ஆயா உலர்ந்த துணியை மடித்து அதன்மேல் வைத்தாள். "பிடி" என்றாள். இருவருமாக மதினியை மெதுவாக மல்லாத்திப் படுக்கவைத்தோம். அதற்குள் ஹாலின் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அவள் பேசினை எடுத்துக்கொண்டு ஓடினாள்.