கண்டறியாத மொஸ்கோ சஞ்சிகை

என்ரை அண்ணை ஜேசுரட்ணம் சோவியத் காலத்திலை மொஸ்கோவிலை உலோகவியல் படிச்சவர். ஜெர்மனிக்கு அகதியாய் வந்த இடத்திலை அந்தப் படிப்பை ஒருத்தரும் சட்டை செய்யேல்லை. ரஷ்ய மொழிதான் சோறு போட்டுது. ஹனோவரிலை ஒரு சின்னக் கொம்பனி. ரஷ்ய ஆராய்ச்சிச் சஞ்சிகையளை வாசிச்சு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஜெர்மனிலை சுருக்கம் எழுதிக் குடுக்கிறதுதான் அவற்றை வேலை. அந்தச் சுருக்கங்கள் புத்தகமாய் அச்சாகி எஞ்சினியர்மாருக்குப் போகும்.

சனிக்கிழமையளிலை ஒரு பட்டறைக்குப் போவார். அலுமினியத்தை வெல்டிங் செய்த இடம் ஏன் வெடிச்சுப் பிளக்குது எண்டு தானே ஒட்டி, தானே உடைச்சுப் பாத்தார். கலியாணம் காட்சி எல்லாம் அதோடை போச்சு. 2006இலை அந்த ஆராய்ச்சி முடிய, படிக்கிற காலத்திலை கும்பிடாத குறையாய் வாசிச்ச மொஸ்கோச் சஞ்சிகைக்கே கட்டுரையை அனுப்பினார். ஜெர்மன்காரருக்கு அனுப்புங்கோ எண்டு தலைப்பாடாய் அடிச்சன். மொஸ்கோக்காரர் வாசிச்சுச் சரி எண்டால்தான் தனக்கு நிம்மதி எண்டார்.

பதில் வந்துது. சீ, நினைச்சால் இப்பவும் அருவருப்பாய்க் கிடக்கு. ஒரு கட்டுரையை வேறை நிபுணர் ஒருத்தர் வாசிச்சு மதிப்புரை எழுத வேணும் தானே? அதையும் நீரே எழுதி அனுப்பும், எங்கடை பேராசிரியர் கையெழுத்து வைப்பார் எண்டு எழுதியிருந்தாங்கள். கட்டுரை எழுதின ஆக்களின்ரை வரிசையிலை பிரதம ஆசிரியற்றை பேரையும் முதலாவதாய்ப் போட வேணுமாம். வெக்கம் கெட்டதுகள். கன சஞ்சிகையளிலை இதுதான் வழக்கம் எண்டு மொஸ்கோவிலை இருக்கிற பழைய கூட்டாளி சொன்னாராம். அண்ணைக்குத் தெரியேல்லை, அவர் அச்சிலை வந்ததை மட்டும் கண்டவர்.

பேரைப் போட்டார். மதிப்புரையும் எழுதினார். என்ன எழுதினவர் தெரியுமோ? முதலாவது பேர்காரர் பட்டறைப் பக்கமே வராதவர், ஆனபடியால் இதை வெளியிடக்கூடாது எண்டு. வாசிச்சுப் போட்டு ஒருத்தன் எண்டாலும் ஏசி எழுதுவான் எண்டு பாத்துக்கொண்டே இருந்தார், பாவி மனுசன். ஏச்சு வந்தால் அங்கை வாசிக்கிற ஆள் இருக்கு எண்டு அர்த்தம்.

ஒருத்தரும் ஏசேல்லை. பேராசிரியர் கையெழுத்து வைச்சு, நிறுவன முத்திரையும் குத்தி, மதிப்புரை சாதகம், கட்டுரை ஏற்கப்பட்டது எண்டு ஸ்கான் பண்ணி அனுப்பினாங்கள். அடுத்த இதழிலை கட்டுரை வந்திட்டுது.

பேர் வந்திட்டுது தானே, விடுங்கோ அண்ணை எண்டன். என்னை நிமிந்து பாத்தார்.

"என்ரையை வாசிக்காதவங்கள் மற்றவையின்ரையை மட்டும் வாசிச்சிருப்பாங்களோ, புஷ்பா? நான் இவ்வளவு வருசமும் இஞ்சை ஆக்களுக்கு எதைச் சுருக்கிக் குடுத்தனான்?"

திங்கக்கிழமை வேலைக்குப் போனால் மேசையிலை அந்த இதழ்தான் கிடந்துதாம், சுருக்கம் எழுதச் சொல்லி. தன்ரை கட்டுரை, மற்றவையின்ரை கட்டுரை எண்டு பாக்காமல் எல்லாத்துக்கும் ஒரே வரி எழுதிக் குடுத்திட்டு வந்தார்: இதை அச்சிட முன்னம் ஒருவரும் வாசிக்கவில்லை.

வேலை போகப் போகுது எண்டு நான் பயந்துகொண்டு இருந்தன். அடுத்த மாசம் கொம்பனி அதை அப்பிடியே, பக்கம் முழுக்க, அச்சடிச்சு எஞ்சினியர்மாருக்கு அனுப்பிச்சுது. இண்டைவரைக்கும் ஒருத்தர் ஒரு சொல் கேக்கேல்லை.