மதி என்று கேட்டது

வன்னியராஜ் அண்ணன் கடலை நிமிர்ந்து பார்க்கமாட்டார். நடக்க முடியாதவர்களைப் பெரிய ரப்பர் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை மணலில் தள்ளிப்போய் அலையில் கால் நனைக்க வைப்பதுதான் அவர் வேலை. ஆனாலும் பார்வை நாற்காலியை விட்டு நகராது. பாசி எடுக்கப் போன தங்கையை ராமநாதபுரத்துக் கடல் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை.

"பிறகு எதுக்கு அண்ணே இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடலில்லாத வேலை எவன் தர்றான்?"

அவர் கேரளத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் அதே கடற்கரையில் உடைமாற்றும் அறையைக் கூட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் கரமனையிலிருந்து ஷிஜா தன் அம்மா சரசம்மாவைக் கூட்டிவந்தாள். பக்கவாதம்.

"அம்மைக்கு கடல்னா உயிராக்கும். மெள்ள கொண்டுபோணும், கேட்டோ."

"தண்ணி குளிருச்சுன்னா என்னைய வையக்கூடாது ஆத்தா" என்று சிரித்தபடி அண்ணன் பெல்ட்டைக் கட்டினார்.

காற்று நின்றிருந்தது. அலைகள் சத்தமில்லாமல் ஏறின. நான் துண்டோடு ஈர மணலில் நின்றேன். தண்ணீர் சரசம்மாவின் முழங்காலைத் தொட்டபோது, மெலிந்த பெண்குரல் கேட்டது.

"மதி... மதி..."

மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். திருப்பிவிடுவார் என்று நினைத்தேன். அண்ணன் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார். பிறகு உள்ளே தள்ளினார். தண்ணீர் சரசம்மாவின் மடிக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது.

"அண்ணே, திருப்புங்க! பெல்ட் கட்டியிருக்கு!"

அவர் காதில் விழவில்லை. ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்ததுபோல இருந்தது. இருவருமாகக் கரை சேர்த்தோம்.

"என் தங்கச்சியக் கூப்பிட்டாங்க. அவ பேரு மதி" என்றார்.

"ஐயோ, இங்க மதின்னா போதும்னு அர்த்தம் அண்ணே. ஆத்தா திருப்பச் சொல்லியிருக்காங்க."

"அடப்பாவிகளா, இத மொதல்லயே சொல்லித் தரக்கூடாதா!" அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்தார்.

அம்மாவுக்குத் துண்டு சுற்றிக்கொண்டிருந்த ஷிஜாவின் கை நின்றது.

"யாரு சொன்னா? இந்தத் தீனம் வந்ததுக்குப் பிறவு அம்மைக்கு வாயிலேருந்து ஒரு சத்தமும் வந்ததில்லையே."

அண்ணன் நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பித் தள்ளினார். சரசம்மா மட்டும் கழுத்தை வளைத்து, யாரோ கூப்பிட்டதுபோலக் கடலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.