நாகேஸ்வரி நம்பாத பள்ளிக்கூடம்

நாகேஸ்வரி யாரையும் லேசில் நம்பியவர் அல்லர். மெல்பேர்னுக்கு வந்த புதிதில், 1974இல், வாசலில் பால் போத்தல் வைத்துப் போகிறவனையே மூன்று வாரம் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று கவனித்தவர்.

மகள் கிரிஜாவுக்கு நாலரை வயது. அவள் போன பாலர் பள்ளி தாய்க்குப் பிடிபடவே இல்லை. எழுத்துமில்லை, எண்ணுமில்லை. தரையில் சோக்குக்கட்டியால் வீதி கீறி, பாதிப் பிள்ளைகளுக்கு அட்டைப் பெட்டி மாட்டிக் கார்களாக ஓடவிட்டார்கள். மீதிப் பேர் கோட்டோரம் நின்று வலம், இடம், மறுபடி வலம் பார்த்தார்கள். பெரியவர் கை பிடிக்காமல் வீதியில் இறங்கக்கூடாது, யார் சொன்னாலும் இறங்கக்கூடாது என்று ஆசிரியை சொன்னதை நாகேஸ்வரி வேலிக்கு வெளியே நின்று கேட்டார். அந்த ‘யார் சொன்னாலும்’ முள்ளாய்த் தைத்தது.

“தாய் சொல்லைக் கேளாதே எண்டு படிப்பிக்கினம். பிள்ளையை எங்களிட்டையிருந்து பிரிக்கிற வேலை இது.”

“உமக்குப் பால்காரனும் உளவாளிதானே,” என்றார் கணவர் சிறிதரன்.

அந்த மாதத்தோடு பிள்ளையைப் பள்ளிக்குப் போகாமல் மறிப்பதென்று நாகேஸ்வரி முடிவெடுத்தார்.

ஆறு மாதமாகத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய சிறிதரனை, படித்த பொறியியல் வேலைக்கு முதன்முறையாக நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அன்று காலை அவர் வீதியைக் கடந்து ட்ராமுக்கு நடந்தபிறகுதான், சான்றிதழ் உறை கதிரையில் கிடப்பதை நாகேஸ்வரி கண்டார். நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா? உறையைக் கிரிஜாவிடம் திணித்து, ஓடிப்போய் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

கிரிஜா ஓடினாள். நடைபாதை விளிம்பில் நின்றுவிட்டாள். தாய் வாசற்படியில் நின்று போ, போ என்று கை காட்டியும் அசையவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்திப் பிடித்தாள்.

“கை தாங்கோ அம்மா.”

கெடுத்துவிட்டார்கள் பிள்ளையை என்று பல்லைக் கடித்தபடி நாகேஸ்வரி இறங்கி வந்தார். பாதி வழி வருமுன் வளைவிலிருந்து ஒரு லொறி சீறிக்கொண்டு கடந்தது. கிரிஜாவின் சட்டை காற்றில் எழும்பி விழுந்தது.

நாகேஸ்வரி மகளின் கையைப் பற்றினார். பிள்ளை வலம், இடம், வலம் பார்த்து முடிக்கும்வரை காத்து நின்றார். கடந்ததும் அவளை இழுத்துக்கொண்டு ஓடி, கணவரைத் தாண்டிப் போய், முன்னால் திரும்பி நின்று உறையை நீட்டினார்.

“என்னப்பா, காலமையே ஓட்டப் பந்தயமோ?” என்றார் சிறிதரன்.

வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் மேலிருந்த சந்தேகம் நாகேஸ்வரிக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனால் பிள்ளையை ஒரு நாளும் மறிக்கவில்லை. லொறி வந்த கதையைச் சிறிதரனுக்குச் சொல்லவுமில்லை.