மாமா தப்பாக வாசித்த மோகனம்

என் தாய்மாமா சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வயோலா வாசித்துக்கொண்டிருந்தார். அது பிடிலைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தடித்தது என்று ஊராருக்கு விளக்கி விளக்கியே அம்மாவுக்கு அலுத்துப்போயிருந்தது. பாட்டில் மெட்டைப் பிடில்கள் கொண்டுபோய்விடும். வயோலா அடியில் நின்று தாங்கும். ரேடியோவில் பாட்டுப் போட்டால் அப்பா விடமாட்டார். "இதுல நீ எங்க மாப்ளே இருக்கே?" என்பார். "உள்ள இருக்கேன் அத்தான்" என்று மாமா சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதான அந்த மார்கழியில் ஸ்டுடியோவில் ஏதோ வேலைநிறுத்தம் என்று மாமா திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். "அங்கயும் கொடி புடிச்சாச்சா?" என்றார் அப்பா. முந்தின வருஷம் மாமா வாங்கித் தந்திருந்த சின்னப் பிடிலில் எனக்கு தினமும் பாடம் நடந்தது.

அவர் சொல்லிக்கொடுத்த விதமே தனி. எதிரே உட்கார மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிப்பார். "உன் வில்லக் கேக்காத பாப்பா, என் வில்லக் கேளு" என்பார். நான் தப்பினால் நிறுத்த மாட்டார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மாமாவுக்குக் காது மந்தம் என்று நான் உள்ளூர முடிவு கட்டியிருந்தேன். அந்தக் காலத்தில் பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் தப்பினால் நாற்பது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதனால் தப்பியவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். பார்த்தால் பயந்து மறுபடியும் தப்புவார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய் முறையாகப் படிக்கவைக்க மாமாவுக்கு ஆசை. எனக்கோ வேறு நினைப்பே இல்லை. அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "ஒரு தடவ நான் கேக்குறேன். தேறலேன்னா பிடில நீயே எடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார்.

தை பிறந்ததும் எங்கள் ஊரிலும் வேலைநிறுத்தம் வந்தது. கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி வயலாட்கள் எங்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆளில்லை. பேச்சுவார்த்தைக்கு அவர்கள் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்தடவை. காலையிலிருந்து பேசியும் அவரும் அப்பாவும் ஓர் அங்குலம் இறங்கவில்லை. கடைசியில் பேச்சை மாற்றவோ என்னவோ அப்பா என் பக்கம் திரும்பி, "வா, வாசி. இன்னிக்கே பாத்துடுவோம்" என்றார்.

நான் பிடிலை எடுத்துவந்து உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மோகன ராகத்தில் அவரே அமைத்த ஒரு சின்ன மெட்டு. மோகனத்தில் மத்திமம் என்ற ஸ்வரமே கிடையாது. மேலே ஏறும் இடத்தில் பயத்தில் என் விரல் நேராக மத்திமத்தில் போய் விழுந்தது. ஆனால் அதே நொடியில் மாமாவின் வயோலாவும் அதே மத்திமத்தைத் தடித்த குரலில் ஓங்கிப் பிடித்தது. என் சத்தம் அதற்குள் காணாமல் போயிற்று. எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை அந்த இடத்தை நான் சுத்தமாக வாசித்தேன். மாமா மட்டும் மறுபடியும் தப்பினார்.

அப்பா முகத்தைச் சுளித்தார். செயலாளரும் லேசுப்பட்டவர் இல்லை. கோயில் மதிலுக்கு வெளியே நின்று நாகஸ்வரம் கேட்டே வளர்ந்த காது. "பொண்ணு சரியாத்தாங்க வாசிச்சுது. பெரிய பிடிலுதான் ரெண்டு தடவையும் வழுக்கிடுச்சு" என்றார்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். கூலிப் பேச்சு முடிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

"கை தவறிடுச்சு அத்தான்" என்றார் மாமா, தலையைச் சொறிந்துகொண்டு.

"பத்து வயசுப் பொண்ணுக்கு வர்றது உனக்கு வரலியே. கூட்டிட்டுப் போ, அவகிட்ட நீ கத்துக்க" என்றார் அப்பா. இந்தக் கதையை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தார். மாமாவும் கூடச் சிரிப்பார்.

பிற்பாடு நானும் வயோலாக்காரியாகி அதே ஸ்டுடியோக்களில் அவருக்குப் பின்வரிசையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தேன். அவர் ஒரு ஸ்வரம் தப்பி நான் கேட்டதில்லை. இன்று என் கையில் இருக்கும் வில், நான் சாப்பிடும் சோறு, எல்லாம் அவர் அன்று வேண்டுமென்றே கெடுத்துக்கொண்ட பெயர்.

ஆனால் சென்னைக்குப் புறப்பட்ட அன்று எனக்கு அது எங்கே தெரிந்தது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "கவலப்படாதீங்க மாமா, தெனம் சாதகம் பண்ணினா அந்த எடம் சரியாயிடும்" என்றேன்.

"சரி பாப்பா, பண்றேன்" என்றார் மாமா.